பாஸ்வேர்ட் பேருக்கு ஓர் அர்ச்சனை

மாத்தளை.

அன்புள்ள மருமகன் சுதர்ஷனுக்கு,

மாமன் சண்முகராஜா ஆசீர்வதித்து எழுதுவது. அம்மன் அருளால் இவ்விடம் யாவரும் சுகம் என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் உன் அத்தை பாலாமணி என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, என் இமெயிலும் திறக்கவில்லை, ஆகையால் சுகமெல்லாம் உனக்கும் பிள்ளைகளுக்குமே உண்டாகட்டும். கொழும்பில் கம்பனிகளின் கம்பியூட்டர்களைக் கள்ளர்களிடமிருந்து காப்பதே உன் உத்தியோகம். உன் சொந்த மாமன் வீட்டிலேயே கள்ளன் புகுந்துவிட்டான். போனில் சொல்லலாம் என்றால் எவன் ஒட்டுக் கேட்கிறானோ என்று பயம். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

போன மாதம் நீ வந்தபோது, பாஸ்வேர்ட்டை நீளமாக வையுங்கள், பெரிய எழுத்தும் குறியும் கலந்து வையுங்கள், யாருக்கும் சொல்லாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாய். போனுக்கு நம்பர் வருகிற இரண்டாவது பூட்டு ஒன்றையும் போடச் சொன்னாய். முதலாவதைச் செய்தேன். இரண்டாவதற்கு, அம்மனைவிடப் பெரிய பூட்டு எது என்று நினைத்து, வெள்ளிக்கிழமை கராம்பு மூட்டைகளை உள்ளே தள்ளிக் கடையைச் சாத்திவிட்டு நேரே கோயிலுக்குப் போனேன். புது வான் வண்டிக்கு அர்ச்சனை செய்கிறோம், புதுக் கடைக்குச் செய்கிறோம், பாஸ்வேர்ட் மட்டும் என்ன பாவம் செய்தது?

"யார் பேருக்கு?" என்று கேட்டார் குருக்கள்.

"பாஸ்வேர்ட் பேருக்கு சாமி."

"அதுக்கு நட்சத்திரம் இருக்கா?"

"இருக்கு சாமி. மேனகா, சுவாதி, துலாம். எல்லாம் இங்கிலீஷ்ல, எடவெளி விடாம. மொத எழுத்து மட்டும் பெருசு. கடைசியில ஒரு ஆச்சரியக்குறி."

நாம் சொன்னதில் ஒன்றைக்கூட விடாத மனுஷர் அவர். சுவாதி நட்சத்திரத்தையும் துலா ராசியையும் மேனகாவையும் ராகமாகச் சொல்லி, "ஆச்சரியக்குறி சகிதம்" என்று முடித்துத் தீபம் காட்டினார். அவர் முன்னால் மைக் இருந்ததையும், கோபுரத்து ஸ்பீக்கர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்கும் என்பதையும் பக்தியில் மறந்துவிட்டேன். மறுநாள் காலை இமெயில் திறக்க மறுத்தது. யாரோ பாஸ்வேர்ட்டை மாற்றிவிட்டார்களாம். உக்குவளையிலிருந்து கராம்பு கொண்டுவரும் அப்துல் ஸமத் நானா, "மொதலாளி, அந்த ஆச்சரியக்குறிய நடுவுல போட்டிருக்கணும்" என்று ஆறுதல் சொன்னார். உன் அத்தையோ, "இத்தன வருஷம் சோறாக்கிப் போட்டவ பேரு ஒங்க வாயில வரலையாக்கும்?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனவள்தான்.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன். மகள் மேனகா தன் இஷ்டப்படி கலியாணம் முடித்து லண்டனுக்குப் போனதிலிருந்து எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். யார் பிழை என்று இப்போது கேட்காதே. அந்த இமெயில் அவள் போவதற்கு முன் எனக்குத் திறந்து கொடுத்தது. அவள் எழுதினால் அதற்குத்தான் எழுதுவாள் என்று தினமும் காலையில் கடை திறக்குமுன் பார்ப்பேன். இதுவரை எழுதவில்லை. ஆனால் இந்தக் கிழமை எழுதியிருந்தால்? பதில் வராவிட்டால், அப்பா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துவிடுவாளே. பௌர்ணமிப் போயா லீவுக்கு வந்து எப்படியாவது திறந்து கொடு.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீ தீர்க்காயுளோடு, கள்ளர் பயமில்லாமல் வாழ அம்மனை வேண்டும்,

மாமன் சண்முகராஜா.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் அத்தையின் போன் அடித்தது. எடுத்தவள் என்னிடம் நீட்டினாள். மேனகா! "அப்பா, நம்ம கோயில் பூசைய ஒவ்வொரு வெள்ளியும் இங்கருந்து லைவ்ல பாக்குறேன். எம் பேரக் கேட்டதும் அழுதுட்டேன். அப்புறந்தான் பயம் வந்துச்சு, ஊரே கேட்டிருக்குமே, எவனாவது புகுந்துருவானேன்னு நாந்தாம்பா ஒடனே மாத்துனேன். ஒங்களோட பேசத் தைரியம் வரத்தான் இத்தன நாளாச்சு" என்றாள். நான் "புது பாஸ்வேர்ட் என்னம்மா?" என்று மட்டும் கேட்டேன். "அதெல்லாம் போன்ல சொல்லக் கூடாதுப்பா. சித்திரைக்கு வாறேன், நேர்ல சொல்றேன்" என்றாள். ஆகவே சுதர்ஷன், போயாவுக்கு நீ வர வேண்டாம். அது பூட்டியே இருக்கட்டும்.