மேத்ரு நானா வீட்டுக்கு வழி

ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஒருவன் தானாக முன்வந்தால் அவனுக்கு அந்த ஊர் தெரியாது என்று அர்த்தம். தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பான். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே அந்த வேலையைப் பார்த்து, நாறிப்போய்த் தெரிந்துகொண்டேன்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சைகோனில் பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. அமெரிக்கக்காரன் இன்னும் முழுசாக வந்து இறங்கவில்லை. அந்த இடைவெளியில் காரைக்காலிலிருந்து கப்பலேறிப் போய், சந்தைக்குப் பக்கத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரின் துணிக்கடையில் சேர்ந்தேன். கடை கீழே, படுக்கை மேலே. விடிந்தால் இறங்குவோம், இருட்டினால் ஏறுவோம். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அரை நாள் லீவு. அதையும் நான் தூங்கித் தீர்ப்பேன். நாலு வருஷத்தில் நான் பார்த்த சைகோன் எங்கள் கடை, பள்ளிவாசல், இரண்டுக்கும் நடுவில் ஒரு காப்பிக்கடை. அவ்வளவுதான்.

ஆனால் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால் சைகோனுக்கு அஸ்திவாரம் போட்டதே நான்தான் என்று நினைப்பீர்கள். 'இங்கே எனக்குத் தெரியாத சந்து இல்லை' என்று எழுதியிருந்தேன். (சந்து என்ன, சாக்கடைகூடத் தெரியாது.)

அந்தக் கடிதங்கள் ஒருவர் கைக்குப் போயிருந்தன. பெரியவூட்டு மாமா. அவர் மகள் ஜுலைகாவை எனக்குப் பேசியிருந்தார்கள். மாமா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் ஜுலைகாவை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டு வாசலில் மீன்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். செத்த மீனுக்கே உயிர் வந்து ஓடிவிடும் போலிருந்தது. என்னைவிடக் கோபக்காரியை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்தேன்.

அந்த மாமா சைகோனுக்கு வருவதாகக் கடிதம் வந்தது. சரக்கு பார்க்க வருகிறார் என்று பேர். என் வாப்பா கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'உன்னைப் பார்க்கத்தான் வருகிறார். வாயை அடக்கி நட. அவர் திரும்பி வந்து சொல்வதுதான் முடிவு.'

யாரிடம் வாயை அடக்கச் சொன்னாரோ அதே ஆளிடம், அவர் வந்த இரண்டாம் நாளே, "மாமா, வெள்ளிக்கிழமை ஊரைச் சுத்திக் காட்டுறேன்" என்றேன்.

மாமா வெற்றிலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். "நான் இங்கே இருபது வருஷம் கடை வச்சிருந்தவன் தம்பி."

"அது பழைய சைகோன் மாமா. இப்ப எல்லாம் மாறிப்போச்சு. உங்களுக்கு ஒண்ணும் விளங்காது."

"அப்படியா," என்றார். அந்த வாரம் முழுக்க அவர் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஒரு சிக்லோவைப் பிடித்தேன். மூன்று சக்கர வண்டி. முன்னால் நமக்கு ஒரு இருக்கை, ஓட்டுகிறவர் பின்னால் உட்கார்ந்து மிதிப்பார். ஒருவர் உட்காரும் இடத்தில் நாங்கள் இரண்டு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். எனக்குத் தெரிந்த வியட்நாம் பாஷை மொத்தம் ஐம்பது வார்த்தை. அதில் நாற்பது துணியைப் பற்றியது. சாயம் போகாது, கிழியாது, இதற்குமேல் குறைக்க முடியாது. மிச்சப் பத்தை வைத்து வண்டியை ஓட்டச் சொன்னேன். வண்டிக்காரருக்கு நரைத்த தாடி. அவர் மாமாவை ஒரு தடவை பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார். என் பாஷையின் அழகுக்குத்தான் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

வண்டி கிளம்பியதும் மாமா கேட்டார்: "அந்த மாரியம்மன் கோயில் தெருப் பக்கமாப் போவோமா?"

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. (வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்.) அந்தத் தெரு சந்தைக்குப் பின்னால், நடக்கிற தூரம். தமிழ் ஆட்கள் கட்டிய கோயில். இன்றைக்கு அதற்கு த்ருவோங் டின் தெரு என்று பெயர். ஜும்மா தொழுத கையோடு ஒரு மனுஷன் வருங்கால மருமகனைக் கோயில் தெருவுக்குக் கூப்பிடுகிறார் என்றால் அது சோதனையில்லாமல் வேறென்ன? எங்கள் கடைப் பையன்கள் சிலர் வெள்ளிக்கிழமை அங்கே சுண்டல் வாங்கித் தின்னப் போவார்கள். அந்தச் சேதி ஊர் வரைக்கும் போயிருந்தது. நானும் அந்தக் கூட்டமா என்று பார்க்கிறார்.

"நமக்கு அங்கே என்ன மாமா வேலை?" என்றேன் கம்பீரமாக. "நான் அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கிறதில்லை."

"அப்படியா," என்றார் மாமா. குரல் இறங்கியிருந்தது. என் ஈமான் உறுதியைப் பார்த்து அசந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் பெரிய மாதா கோயில். செங்கல் சிவப்பில் இரண்டு கோபுரம். சும்மா காட்டினால் எப்படி? "இந்தச் செங்கல் பூராவும் நம்ம நாகூர்லேருந்து வந்தது மாமா" என்றேன். பக்கத்தில் நீளமாக, வளைந்த கூரையோடு ஒரு கட்டடம். வாசலில் பெரிய கடிகாரம். "இது ரயில் ஸ்டேஷன்."

மாமா எட்டிப் பார்த்தார். "எல்லாரும் கையில கடுதாசி வச்சிருக்காங்களே."

"டிக்கெட் மாமா."

"ரயில் எங்கே?"

"இன்னும் நேரம் ஆகலை."

அது தபால் ஆபீஸ். நாலு வருஷமாக நான் அளந்து எழுதிய பொய்யெல்லாம் அந்தக் கட்டடம் வழியாகத்தான் காரைக்கால் போயிருக்கிறது. கடிதத்தைப் பெட்டியில் போடும் வேலை கடைக் கணக்கப்பிள்ளையுடையது. எனக்கு எப்படித் தெரியும்?

மாமா தெருக்களைப் பழைய பிரெஞ்சுப் பேரில் சொன்னார். நான் ஒவ்வொன்றையும் திருத்தினேன். "அந்தப் பேரெல்லாம் வெள்ளைக்காரனோட போயிடுச்சு மாமா. இப்பல்லாம் அப்படிச் சொன்னா ஆள் சிரிப்பான்." புதுப் பேரும் எனக்குத் தெரியாது. பலகையைப் பார்த்துத் தோன்றியபடி உச்சரித்தேன். பின்னால் வண்டிக்காரர் இருமினார்.

மிருகக்காட்சி சாலை வாசலில் மாமா இரண்டாம் தடவை கேட்டார். "தம்பி, கோயிலுக்குள்ள போக வேண்டாம். அந்தத் தெருவோட ஒரு தடவை போய்ட்டு வந்தாப் போதும்."

சோதனை கடினமாகிக்கொண்டே போகிறதே என்று நினைத்தேன். "மன்னிச்சுக்குங்க மாமா. நீங்க என்ன சொன்னாலும் கேப்பேன். இது மட்டும் முடியாது" என்று சொல்லி, அவரை யானை பார்க்க இழுத்துக்கொண்டு போனேன். மாமா யானையைப் பார்க்கவில்லை. யானையும் எங்களைப் பார்க்கவில்லை. வெயில் கொளுத்தியது. அந்த மனுஷர் முகத்தில் சிரிப்பே வரவில்லை. ஜுலைகா கையை விட்டுப் போகிறாள் என்று கணக்குப் போட்டேன்.

அசர் தொழுகையைக் கடைப்பக்கப் பள்ளிவாசலில் போய்த் தொழுதுகொள்ளலாம் என்று திரும்பினோம். பெரிய தெருவில் முள்கம்பி போட்டு மறித்திருந்தார்கள். மணல்மூட்டை, துப்பாக்கியோடு சிப்பாய்கள். யாரோ அதிகாரி வருகிறாராம், போகக் கூடாதாம். எனக்குக் கோபம் வந்தால் பாஷை பார்க்க மாட்டேன். "நாங்க தொழுகைக்குப் போறோம்டா, உனக்கென்ன" என்று தமிழில் கத்தினேன். சிப்பாய் துப்பாக்கியை லேசாகத் திருப்பினான். உடனே எனக்குப் பாஷை மறந்துபோனது. மாமா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். வண்டிக்காரர் யாரையும் கேட்காமல் ஒரு சந்தில் நுழைந்து, இன்னொரு சந்தில் திரும்பி, கோயில் தெருவில் கொண்டுபோய் விட்டார்.

"இது நான் கூட்டிட்டு வரலை மாமா" என்றேன் அவசரமாக. "வழி இல்லாம வந்திருக்கோம். அல்லா அறிவான்."

மாமா அந்தத் தெருவையே பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கை தொடையைப் பிசைந்துகொண்டிருந்தது. கோபத்தில் இருக்கிறார், எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று நான் பரபரத்தபோது, கோயிலைத் தாண்டிப் பச்சை ஜன்னல் வைத்த ஒரு வீடு தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சைகோன் கடைகளில் யாரையும் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊரில் இருக்கும் வீட்டுப்பேர் கப்பலோடு போய்விடும். இங்கே வேறு பேர் வைப்பார்கள். எனக்கு 'அடுப்பு' என்று பேர். (சீக்கிரம் பற்றிக்கொள்வேனாம்.) அப்படி எங்களுக்கு முந்தின தலைமுறையில் 'மேத்ரு நானா' என்று ஒருவர் இருந்தாராம். துணி அளக்கிற மேத்ருக் கட்டையை, அதாவது மீட்டர்க் கட்டையை, கக்கத்தில் வைத்துக்கொண்டே தெருவில் நடப்பாராம். அவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு, கோயிலைத் தாண்டிப் பச்சை ஜன்னல் வீடு என்று அடையாளத்தோடு, அவர் கதையைச் சொல்லாத நாள் இல்லை.

"நிறுத்து, நிறுத்து" என்றேன். "மாமா, இந்த வூட்டைப் பாருங்க. இதுக்கு ஒரு கதை இருக்கு."

"வேணாம் தம்பி," என்றார் மாமா.

"கேளுங்க, சிரிச்சு வயிறு புண்ணாகிடும். மேத்ரு நானான்னு நம்ம ஊர் ஆள் ஒருத்தன். அசல் திருடன். துணி அளக்கும்போது மேத்ருக்கு ரெண்டு விரல் குறைச்சு அளப்பானாம். அப்படி மிச்சம் பிடிச்ச துணியிலேயே இந்த வூட்டைக் கட்டி, ஒரு வியட்நாம் பொண்ணைக் கட்டி உள்ளே வச்சிருந்தானாம். ஊர்ல ஒரு பொஞ்சாதி, பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது. இங்கே பிரெஞ்சுக்காரன் சண்டை பெருசாச்சு. ஒரு நாள் காலையில, ரொட்டி வாங்கிட்டு வர்றேன்னு இவகிட்ட சொல்லிட்டு நேராப் போய்க் கப்பல் ஏறிட்டான். ஒன்பது வருஷம் ஆச்சு. இன்னும் ரொட்டி வரலை."

நான் ஒருவனே சிரித்தேன். கதவு திறந்தது. பதினாலு, பதினைந்து வயதுப் பெண் ஒன்று வெளியே வந்து, யார் இங்கே சத்தம் போடுவது என்று பார்த்தது.

நான் விட்டேனா? "பாத்தீங்களா, அவன் மவதான். பேச்சு, உடுப்பு எல்லாம் இந்த ஊரு. ஆனா மூக்கைப் பாருங்க. அச்சு அசல் நம்ம கடற்கரை மூக்கு" என்று சொல்லிவிட்டு, ரசிக்கிறாரா என்று மாமாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அந்த மூக்கு அங்கேயும் இருந்தது.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மாமாவைப் பார்த்தேன். திரும்பவும் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வண்டிக்காரர் இறங்கி நின்று தொப்பியைக் கழற்றினார். மாமா மெதுவாக வாயைத் திறந்தார்.

"குறைச்சு இல்லை," என்றார். "ரெண்டு விரல் கூட்டித்தான் கொடுப்பேன். எவன் சொன்னான் குறைச்சுன்னு?"

இரண்டாவது குடும்பம், ரொட்டி, கப்பல் எதையும் அவர் மறுக்கவில்லை. அளவைப் பற்றி மட்டும்தான் வருத்தம்.

உள்ளேயிருந்து கையில் துடைப்பத்தோடு ஒரு அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும், கறுப்புப் பட்டுக் கால்சட்டை, முடிந்த கொண்டை. வாசற்படியில் நின்று மாமாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சுத்தமான காரைக்கால் தமிழில் கேட்டார்: "இப்பத்தான் வூட்டுக்கு வழி தெரிஞ்சிச்சாக்கும்?"

மாமா வண்டியிலிருந்து இறங்கினார். ஒன்பது வருஷத்துக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். சுற்றும் முற்றும் பார்த்தார். நான் கண்ணில் பட்டேன்.

"நான் என்ன செய்ய, லான்?" என்றார் அந்த அம்மாவிடம், என்னைக் காட்டி. "காலையிலேருந்து இந்தப் பய வழி விடலை."

அந்த அம்மா சிரித்தாரா என்று கேட்காதீர்கள். சிரிக்கவில்லை. நான் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறேன். ஒன்பது வருஷம் அந்த வாசலில் ஒற்றை ஆளாக நின்றவருக்கு இது சிரிப்பு இல்லை. கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே போடவும் இல்லை. கொஞ்சநேரம் கழித்துக் கதவைவிட்டு ஒதுங்கி நின்றார். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அந்தப் பெண் மட்டும் வாசலிலேயே நின்று, என்னை முறைத்துக்கொண்டிருந்தது. மூக்கை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தது.

மாமா வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. வண்டிக்காரரிடம், பழைய சிநேகிதரிடம் பேசுவதுபோல, வியட்நாம் பாஷையில் சரளமாக ஏதோ சொன்னார். வண்டி மூன்றே நிமிஷத்தில் எங்கள் கடை வாசலுக்கு வந்துவிட்டது. இறங்கும்போது சொன்னார்: "அந்தச் செங்கல் பிரான்ஸ்ல மர்சேயிலேருந்து வந்தது. அது தபால் ஆபீஸ்."

"சரி மாமா."

"இந்த வாயோட உன்னை வெளியே விட முடியாது. வூட்டுக்குள்ள வச்சுக்கிறதுதான் புத்தி. ஊருக்குப் போனதும் நாள் குறிக்கிறேன்."

உலகத்தில் வாயை அடைப்பதற்காகப் பெண் கொடுக்கப்பட்ட ஒரே மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். கல்யாணம் நடந்தது. நானும் அந்த ரகசியத்தை ஏழு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்தேன். ஒரு நாள் தாங்க முடியாமல் ஜுலைகாவிடம் உடைத்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்குப் பத்து வயசிலேயே தெரியும். உம்மாவுக்கும் தெரியும். காரைக்காலுக்கே தெரியும். உங்களுக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்ட வேண்டியிருந்திச்சு."

போர் முற்றியதும் லானும் அந்தப் பெண் மரியமும் பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஜுலைகாவும் மரியமும் அக்காளும் தங்கச்சியுமாகக் கடிதம் எழுத ஆரம்பித்து, பிறகு போனில் மணிக்கணக்காக என்னைத் திட்டுகிற அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். என் மூத்த மகள் கல்யாணத்துக்கு மரியம் கிளம்பி வந்தாள். விமானம் தாமதமாகி, நிக்காஹ் முடிந்து, சாப்பாடும் முடிந்து, பந்தல்காரர்கள் கயிற்றை அவிழ்க்கும்போது வந்து இறங்கினாள். ஏன் இவ்வளவு நேரம் என்று வீடே கேட்டது. மரியம் பெட்டியைக் கீழே வைத்தாள். நான் அன்றைக்கு விமான நிலையம் பக்கமே போகவில்லை. ஆனாலும் நேராக என்னைத்தான் காட்டினாள்.

"காலையிலேருந்து இந்தப் பய வழி விடலை" என்றாள்.

இப்போது என் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போனாலும் வாத்தியாரிடம் அதையேதான் சொல்கிறார்கள்.