தரச் சோதனையில் தேறிய வயிறு

ஒழுங்கானவர்கள் செய்யும் தப்பும் ஒழுங்காகத்தான் இருக்கும். அதுதான் அதில் உள்ள ஆபத்து. தாறுமாறான ஆட்கள் சொதப்பினால் காரியம் பாதியிலேயே நின்றுவிடும். என்னைப் போன்றவர்கள் பெயர், ஊர், தொழில் எல்லாவற்றையும் சரிபார்த்து, எழுத்துப்பிழை இல்லாமல் சொதப்புவோம்.

பன்னிரண்டு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். கீழே வரும் எதையும் நினைவிலிருந்து சொல்லவில்லை. 2007-ஆம் வருட நோட்டு பக்கத்திலேயே இருக்கிறது. (பச்சை அட்டை. முதுகில் கறை. கறை பற்றிய குறிப்பு உள்ளே இருக்கிறது.)

அப்போது எனக்கு முப்பத்தைந்து. பதினோரு வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு, வேலையை விட்டு, சென்னையில் பன்னிரண்டு நாள் பயிற்சி எடுத்து, ‘டூலா’வாக ஆம்பூர் திரும்பியிருந்தேன். டூலா என்றால் பிரசவத்தின்போது தாயின் கூடவே இருந்து, முதுகு தேய்த்து, மூச்சு விடச் சொல்லி, தைரியம் தருகிறவள். இதை ஊரில் விளக்குவதற்குள் எனக்கே இடுப்பு வலி கண்டுவிடும்.

“அப்ப நீ மருத்துவச்சியா?”

“இல்லீங்க.”

“நர்ஸா?”

“இருந்தேன். இப்ப இல்ல.”

“அப்ப இன்னாதான் பண்ணுவ?”

“கூட இருப்பேன்.”

“அதுக்குத்தான் அவங்கம்மா இருக்காங்களே!”

நான்கு மாதம் இப்படியே போனது. வாடிக்கையாளர்கள்: பூஜ்யம். (நோட்டில் ஒவ்வொரு சனிக்கிழமையும் பூஜ்யம் போட்டு அடிக்கோடு இட்டிருக்கிறேன்.)

பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த நசீமாக்காதான் வழி சொன்னார். “இந்தத் தெருவுல யாருக்கும் புரியாது ஸ்டெல்லா. நெட்டுல போடு. படிச்சவங்க பார்ப்பாங்க. நான் ஃப்ரீயா ஒரு வெப்சைட் பண்ணித் தர்றேன்.”

பண்ணித் தந்தார். ரோஸ் நிறப் பின்னணி, மூலையில் கையாட்டும் கரடி, திறந்தவுடன் அலறும் தாலாட்டு, கீழே வந்துபோனவர்களின் எண்ணிக்கை காட்டும் கட்டம். அந்தக் கட்டம் எனக்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்று நம்பினேன். தினமும் மாலை ஐந்தரைக்குப் போய்ப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வருவேன். அறுபத்தொன்றைத் தொட்ட அன்று வீட்டில் கேசரி செய்தேன். மறுநாள் நசீமாக்கா மெதுவாகச் சொன்னார்: “நீ தெறக்கிறதும் அதுல சேரும் ஸ்டெல்லா. அம்பத்தெட்டு தடவை நீதான். ரெண்டு தடவை நான். அந்த மிச்சம் ஒருத்தர் யாருன்னுதான் தெர்ல.” அன்றோடு தினமும் திறந்து பார்ப்பதை நிறுத்தினேன்.

“கூட்டம் வரணும்னா ஒரு போட்டோ வேணும்” என்றும் சொன்னார். “நீ ஒரு கர்ப்பிணி கூட நிக்கிற மாதிரி.”

என்னிடம் கர்ப்பிணி இல்லை. சீலி இருந்தாள்.

சீலி என்கிற ஜெயசீலி என் நாத்தனார். வயது இருபத்தேழு, பள்ளி ஆசிரியை. பெற்றோர் இல்லாததால் என் கணவர் அருளும் நானும்தான் அவளுக்கு எல்லாம். அருளுக்கு ஷூ கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. தலையணை வைத்து ஒப்பேற்றலாம் என்று நான் சொன்னதும் அவருக்குத் தொழில் மானம் போய்விட்டது.

“தலையணை கோணும். நான் செஞ்சு தர்றேன். சைஸ் இன்னா?”

“ஏழாம் மாசம்.”

“மாசத்துல சொல்லாத. இன்ச்சுல சொல்லு.”

ஷூவுக்குள் வைக்கும் ஃபோமை மூன்று அடுக்காக வெட்டி, மேலே மெல்லிய லைனிங் தோல் போட்டு, பின்னால் ஐந்து ஓட்டைகளுடன் இரண்டு பெல்ட் தைத்து, ஒரு வயிறு கொண்டுவந்தார். (கழிவுத் துண்டுகள்தான். மேலாளரிடம் கேட்டே எடுத்தார்.) அப்படி ஒரு லட்சணமான வயிற்றைப் பதினோரு வருட வார்டு வாழ்க்கையில் நான் கண்டதில்லை. இடுப்புப் பக்கம், பழக்க தோஷத்தில், ‘க்யூ.சி. ஓகே’ ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தார்.

“அண்ணி, கட்டிக்கிறேன். ஆனா மூஞ்சி தெரியக் கூடாது” என்றாள் சீலி.

“சத்தியமா தெரியாது.”

நசீமாக்காவின் கேமராவில் பதினான்கு படம் எடுத்தோம். பதின்மூன்றில் சீலியின் முகம் தெரியவில்லை. ஆனால் அந்தப் பதின்மூன்றிலும் பின்னால் இருந்த காலண்டர் கோணலாகத் தொங்கியது. பதினான்காவதில் காலண்டர் நூல் பிடித்த மாதிரி நேர். சீலியின் முகமும் பளிச். கோணல் காலண்டரோடு உலகத்தின் முன்னால் போய் நிற்க என்னால் முடியவில்லை. பதினான்காவதைப் போட்டேன்.

படத்துக்குக் கீழே ஒரு வரி வேண்டும் என்றார் நசீமாக்கா. “எதுனா ஒரு பேர் போடு, கவிதா, சவிதான்னு.” எனக்குப் பொய்ப் பெயர் எழுதக் கை வரவில்லை. பொய் வயிறு வைக்க வந்த மனசுக்குப் பொய்ப் பெயர் மட்டும் ஆகவில்லை பாருங்கள். எழுதினேன்: ‘எங்கள் கவனிப்பில் ஜெயசீலி, ஆசிரியை, ஆம்பூர். ஏழாம் மாதம்.’

மூன்று வாரம் கழித்து சத்துவாச்சாரியிலிருந்து சீலிக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை ஜான்சன் ஒரு அலுவலகத்தில் கணக்காளர். இதற்கு முன் மூன்று வரன்கள் தட்டிப்போயிருந்தன. பேசி வைத்துக்கொண்ட மாதிரி மூன்று வீட்டாரும் ‘யோசிச்சு சொல்றோம்’ என்றுதான் போனார்கள். ஜான்சன் யோசிக்கவில்லை. சீலியும் யோசிக்கவில்லை. அன்று சமையல் அறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கியபடியே, “எனக்குப் புடிச்சிருக்கு அண்ணி” என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

நிச்சயதார்த்தத்தில் நான் செய்ததைக் கவனியுங்கள். மாப்பிள்ளையின் அம்மா ரூபி அம்மாவின் பெரிய மகன் மஸ்கட்டில் இருந்தார். நான் என் இணையதள முகவரியை அழகான கையெழுத்தில் எழுதிய சீட்டை (நாற்பது சீட்டு தயார் செய்து வைத்திருந்தேன்) ரூபி அம்மா கையில் கொடுத்து, “பெரிய தம்பிக்கு அங்க நெட் இருக்குமே, பார்க்கச் சொல்லுங்கம்மா” என்றேன். வற்புறுத்தி, இரண்டு முறை.

எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு விவாக அறிக்கை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. அதுவரை யாரும் எதுவும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. முதல் ஞாயிறு ஆயிற்று. இரண்டாம் ஞாயிறும் ஆயிற்று. புதன்கிழமை காலை 10.20-க்கு சர்ச் ஆயர் போன் செய்தார். “தடை வந்திருக்கும்மா. குடும்பத்தோட வாங்க.”

மஸ்கட் மகன் பார்த்துவிட்டார். கட்டத்தில் எண் அறுபத்து மூன்று.

ஆயர் வீட்டுக் கூடத்தில் ரூபி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் கணவர், தலையைக் குனிந்தபடி. ஜான்சன் சீலியைப் பார்த்தான். சீலி தரையைப் பார்த்தாள். வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை.

“ஏழு மாசம்னு எழுதியே போட்டுக்கீறாங்க ஐயா. பேரு, வேலை, ஊரு எல்லாம் போட்டுக்கீறாங்க. என் மவன் போன்ல அழுவுறான்” என்றார் ரூபி அம்மா.

நான் பையிலிருந்து வயிற்றை எடுத்து, வேதாகமத்துக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தேன். அது லேசாக ஆடி நின்றது.

அருள் தொண்டையைச் செருமி, “மூணு லேயர் ஃபோம் ஐயா. மேல மாட்டுத்தோல் லைனிங்” என்றார்.

ரூபி அம்மா எழுந்து வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கரைப் படித்தார். “இத நேத்து செஞ்சு எடுத்தாந்திருக்கலாமே?” என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் நான் பச்சை நோட்டை எடுத்தேன். “எல்லாம் இதுல எழுதியிருக்கு ஐயா. நீங்களே வாசிங்க.”

ஆயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அறிக்கை வாசிக்கும் அதே குரலில் வாசித்தார்: “மாலை 4.10. சீலிக்கு வயிறு கட்டினோம். இடது பெல்ட் இரண்டாவது ஓட்டை, வலது பெல்ட் இரண்டாவது ஓட்டை. 4.25. சீலி முறுக்கு எடுக்கக் குனிந்தாள். வயிறு சரிந்தது. 4.40. அருள் வயிற்றைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தார். தேவையில்லாத வேலை.”

அருள் ஜன்னலைப் பார்த்தார். ஜான்சனின் உதடு துடித்தது.

“இதெல்லாம் பொண்ணு பார்க்கிறதுக்கு முன்னாடியா?” என்று ஆயர் கேட்டார். “ஆமாங்கய்யா, பொண்ணு பார்த்த நாள் பின்னாடி இருக்கு” என்றேன். சொன்ன பிறகுதான் அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. நோட்டைப் பிடுங்கலாம் என்று கை நீண்டது. ஆயர் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

“மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது பேர். போட்ட பஜ்ஜி முப்பத்தொன்று. அதில் மாப்பிள்ளையின் தாயார் மட்டும்...” ஆயர் நிறுத்தினார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். உண்மையை மறைக்கக்கூடாத உத்தியோகம் அவருடையது. “...எட்டு. சர்க்கரை வியாதி என்று சொல்லிக்கொண்டே.”

சீலி கண்ணை மூடிக்கொண்டாள்.

ரூபி அம்மாவின் கணவர் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை: “எட்டா?”

ரூபி அம்மா முந்தானையைச் சரிசெய்தார்.

“எங்கிட்ட ரெண்டுன்னு சொன்ன ரூபி!”

“சின்னச் சின்னதுங்க...”

“எட்டு பஜ்ஜி! ராத்திரி பூரா தல சுத்துது, தல சுத்துதுன்னு என்னைத் தூங்கவுடல! டாக்டரு இன்னா சாப்பிட்டீங்கன்னு கேட்டதுக்கு இட்லின்னியே!” என்றவர், பாதியில் தாங்க முடியாமல் சிரிக்க ஆரம்பித்தார். ஜான்சன் கர்சீப்பால் வாயைப் பொத்தினான். ஆயர் நோட்டைத் தூக்கி முகத்தை மறைத்தார். நோட்டு குலுங்கியது.

ரூபி அம்மா என்னைப் பார்த்தார். பிறகு ஆயர் பக்கம் திரும்பினார். “எட்டுதான் ஐயா. கர்த்தருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்னு நெனச்சேன். பஜ்ஜிய எண்ணி எழுதி வெக்கிற பொம்பள, பொய் எழுதமாட்டா. மூணாவது அறிக்கைய வாசிங்க.”

வாசித்தார். யாரும் தடை சொல்லவில்லை.

அன்று மாலையே படத்தை எடுத்துவிட்டேன். சீலி என்னோடு பேச மேலும் ஆறு நாள் ஆயிற்று. முதல் வார்த்தை: “அண்ணி, அந்தக் காலண்டர அன்னிக்கே கழட்டி வெச்சிருக்கலாம்ல?” (எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன்.)

இரண்டு வருடம் கழித்து சீலி நிஜமாகவே உண்டானாள். வளைகாப்பில் ரூபி அம்மா சந்தனம் பூசிவிட்டு, வயிற்றில் விரலால் தட்டிப் பார்த்து, ஊரே கேட்கும்படி, “கம்பெனி மாலா, ஒரிஜினலா?” என்றார். கையோடு என்னிடம் திரும்பி, “பிரசவத்துக்கு நீதான் கூட இருக்கணும். நேரம் கரெக்டா எழுதுவ” என்றார். டூலாவாக அது என் ஐந்தாவது பிரசவம். முதல் நான்கும் ரூபி அம்மா வாய்வழியாக அனுப்பிவைத்தவை. இணையதளம் வழியாக வந்தவர்கள்: பூஜ்யம்.

அந்த வயிறு இன்னும் பீரோவில் இருக்கிறது. டிசம்பரில் மட்டும் வெளியே வரும். எங்கள் கோயில் கிறிஸ்மஸ் நாடகத்தில் பெத்லகேமுக்கு நடந்துபோகும் மரியாளுக்கு வருடா வருடம் அதுதான். போன டிசம்பரில் மரியாள் வேஷம் சீலியின் மகளுக்கு. மேடைக்குப் பின்னால் நான்தான் கட்டிவிட்டேன். இரண்டு பெல்ட்டும் மூன்றாவது ஓட்டை. அவள் மேடை ஏறியதும் முன்வரிசையிலிருந்து ரூபி அம்மாவின் குரல் கேட்டது:

“ஸ்டிக்கர் இருக்குதான்னு பார்த்துட்டு அனுப்புனியா ஸ்டெல்லா?”

நாடகம் முடிந்து தட்டில் பஜ்ஜி வந்தது. அவர் ஒன்றை எடுத்து, என் பக்கம் உயர்த்திக் காட்டி, “ஒண்ணு. எழுதிக்கோ” என்றார்.

எழுதிக்கொண்டேன். ஆனால் அது மூன்றாவது.