பனியை நீக்கினேன், பெரியப்பா வந்தார்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. தம்பி சதீஷோட நிச்சயதார்த்தப் படத்துல நல்லதா ஒண்ணு எடுத்து, சேலத்து ஃபிளெக்ஸ் கடைக்கு சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்.

ஏற்காட்டுப் பக்கம் தலைச்சோலையில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். போன மாசம் ஒரு பழைய கேமரா வாங்கினதுல இருந்து நான் போட்டோகிராபர். ஊர்ல இன்னும் யாரும் ஒத்துக்கல.

ரா ஃபைலா எடுத்தா தரமா இருக்கும்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. எடுத்துட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அதை சாஃப்ட்வேர்ல போட்டு மாத்தினாத்தான் கடைக்காரருக்குத் திறக்குமாம்.

இதுக்கு நடுவுல பெரியப்பா. தன்னைக் கேக்காம தேதி குறிச்சுட்டோம்னு கோவம். "உங்க விசேசத்துல நாங் கால் வெக்க மாட்டேன்"னு சொல்லிட்டு நிச்சயத்துக்கே வரல. அண்ணன் இல்லாம கல்யாணமான்னு அப்பா சரியா சாப்பிடறதே இல்ல. ஃபிளெக்ஸ்ல பெரியப்பா பேரை முதல்ல போட்டு சமாதானம் பண்றதா ஏற்பாடு.

சரி, சாஃப்ட்வேர் தேடினேன்.

முதல் சாஃப்ட்வேர் என் லேப்டாப்பைப் பார்த்ததும் நின்னுடுச்சு. லேப்டாப்புக்கு வயசு அப்படி.

ரெண்டாவது முழுக்க இலவசம். திறந்தா விமானம் ஓட்டற மாதிரி பட்டன். ஒண்ணைத் தொட்டேன், கல்யாணப் பொண்ணு பச்சையா ஆயிட்டா. இன்னொண்ணைத் தொட்டேன், தம்பியும் பச்சை. பொருத்தம் பிரமாதம்னு மூடி வச்சேன்.

மூணாவது முப்பது நாள் இலவசம். தேதிவாரியா, முகவாரியா தானே அடுக்குச்சு. பனிமூட்டத்தை நீக்கவான்னு பணிவா வேற கேட்டுச்சு. படம் பளிச்சுனு இருக்கணும்னு கடைக்காரர் சொன்னது ஞாபகம் வர, எல்லாப் படத்துக்கும் டிக் அடிச்சேன். ஏற்காட்டுல பொறந்து வளர்ந்தவ பண்ற வேலையா இது?

பொண்ணு வீடு கரடியூர். வீட்டுக்குப் பின்னாடி, காப்பித் தோட்டத்து ஓரமா ஜோடியை நிக்க வச்சு எடுத்த படம். நிச்சயத்தன்னிக்கு அவங்களுக்குப் பின்னாடி வெறும் பனிதான். இப்ப ஒவ்வொரு மரமும் தெரிஞ்சுது. பொண்ணோட சேலை நிறம் சரியா இருக்கான்னு மட்டும் பார்த்து அனுப்பிட்டேன்.

மறுநாள் காலையில பஸ் ஸ்டாப்புல ஆளுயர ஃபிளெக்ஸ் கட்டியாச்சு. அம்மாதான் முதல்ல பார்த்தாங்க.

"ஏங்கண்ணு, நடுவுல மரத்துக்கிட்ட நிக்கறது உங்க பெரியப்பாதான?"

அவரேதான். குரங்குக் குல்லா, மஃப்ளர். சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னாடி இருந்து கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கறார். கையில தட்டு. தட்டுல கேசரி.

வெந்த புண்ணுல வேல் பாய்ச்சிட்டேன், இனி இந்த ஜென்மத்துல வரமாட்டார்னு அழுகையே வந்துடுச்சு. அவுத்துடலாம்னு ஏணியைக் கொண்டுவந்து சாத்தறதுக்குள்ள எட்டரை பஸ் வந்து நின்னுது. அதுல இருந்து இறங்கினவர் பெரியப்பா.

ஃபிளெக்ஸை நொம்ப நேரம் பார்த்தார். பேரைப் படிச்சார். மரத்துக்கிட்ட நிக்கறவரைப் பார்த்தார். அம்மா முந்தானையால வாயை மூடிக்கிட்டாங்க. நான் ஏணிக்குப் பின்னாடி நின்னேன்.

"ஏஞ்சாமி, நீதான் புடிச்சியா?"

"ஆமாங்க பெரியப்பா."

"அந்தத் தட்டை மட்டும் அழிச்சிருக்கக் கூடாதா?"

அப்புறம் நேரா எங்க வீட்டுக்கு நடந்து போய், பந்தக்காலுக்கு யார் யாரைச் சொல்லியிருக்கீங்கன்னு அப்பாவை அதட்ட ஆரம்பிச்சுட்டார். அப்பா அன்னிக்கு ஏழு இட்லி சாப்பிட்டார்.

சாஃப்ட்வேர் இன்னும் இருபத்தொன்பது நாள் ஓடும். பெரியப்பா கோவம்தான் முன்னாடியே காலாவதி ஆயிடுச்சு.