கூட்டல் குறிக்கு அந்தப் பக்கம்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ராஜ குடும்பத்துக்கே சூடு வைத்தவன் நான். (பெருமைக்காகச் சொல்லவில்லை.)

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர், சாம்பிள் எல்லாம் பார்க்கிற மெர்ச்சண்டைசர் வேலை. அதுபோக எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஐரோப்பிய அரச குடும்பங்களின் படம் போட்ட தர்மத் தபால்தலைகளைச் சேர்ப்பேன். அவற்றில் தபாலுக்கு ஒரு விலை, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி, அதற்கு அந்தப் பக்கம் தர்மத்துக்கு ஒரு விலை என்று அச்சிட்டிருக்கும். அந்தக் கூடுதல் காசு நோயாளிப் பிள்ளைகளுக்குப் போகுமாம். நோயாளிப் பிள்ளைகளைப் பற்றி எனக்கென்ன? எனக்கு வேண்டியது இளவரசிகள்.

நாலைந்து வருஷத்துக்கு முன்பு ஒரு பழைய கவரில் மூன்று குட்டி இளவரசிகள் கிடைத்தார்கள். தலையில் ரிப்பன், கழுத்தில் முத்துமாலை. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துவிட்டேன். இனி கனமான புத்தகத்துக்குள் வைத்து இரண்டு நாள் காயவிட வேண்டும். அதுவரை யார் பொறுப்பது? பனியன் கழுத்தில் லேபிள் பதிக்கிற ஹீட் பிரஸ் கம்பெனியில் சும்மா நிற்கிறதே! சாப்பாட்டு நேரத்தில், மேஜையில் மடித்துக் கிடந்த வெள்ளைத் துணிமேல் மூவரையும் குப்புறப் படுக்கவைத்துப் பத்து விநாடி அழுத்தினேன். அப்பளம் மாதிரி தட்டையாக வந்தார்கள். அந்தத் துணி, ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையருக்குப் போகவேண்டிய குழந்தை பனியன் சாம்பிள் என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

மறுநாள் வெண்மையைச் சோதிக்க சாம்பிள்கள் கறுப்புத் திரை போட்ட ஷேட் ரூமுக்குப் போயின. செக்கிங் சரோஜா அக்கா புற ஊதா விளக்கைப் போட்டார். பிறகு திரைக்குள்ளிருந்து மெதுவாக ஒரு குரல்.

“சார், சித்த வாங்க. இதுக்குள்ள கொழந்தைக இருக்குதுங்க.”

போய்ப் பார்த்தேன். நீலமாக ஒளிர்ந்த துணிக்குள் சின்னச் சின்னக் கறுத்த முகங்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம். எல்லாமே என்னைத்தான் பார்த்தன. சாதாரண விளக்கைப் போட்டால் வெறும் பனியன். நீல விளக்கைப் போட்டால் மறுபடி வந்தன. முகங்களைச் சுற்றி ஸ்டாம்புக்கு உள்ள மாதிரி பல் பல்லாக ஓரம் தெரிந்த பிறகுதான், சூட்டில் துணிக்குள் இறங்கிய என் இளவரசிகள் என்று புரிந்தது. பேய் பயம் போய் வேலை பயம் வந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

முதலாளி வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. “ஏனுங்க, இந்த ஷெட்டு போடறதுக்கு முன்னால இங்க என்ன இருந்துச்சுங்க?”

சாம்பிள் எதுவும் வெளியே போகக் கூடாது என்றார். நாலு மணிக்குக் கொரியர். தவறினால் சீசன் ஆர்டரே போச்சு. தையல் மெஷின்கள் எல்லாம் நின்று, ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. கேட்டில் பூசணிக்காய் உடைத்தார்கள். (அதற்குச் சூடம் ஏற்றியவன் நான். அவ்வளவு யோக்கியன்.)

சரோஜா அக்கா மட்டும் பயப்படவில்லை. திரையை விலக்கி உள்ளே போய், பனியனுக்கு முன்னால் நாலு பேப்பர் கப்பில் பால் வைத்தார்.

“எப்பச் சாப்புட்டுச்சுகளோ, பாவம். மொகமெல்லாம் வாடிக் கெடக்குதுங்க சார்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மூன்றரை மணிக்கு முதலாளியிடம் போய், “அது பேயில்லீங்க, ஸ்டாம்புங்க” என்று ஆல்பத்தை நீட்டினேன்.

பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். “ராசாவூட்டுப் புள்ளைகளுக்கு நம்ம கம்பெனில என்னங்க சோலி?”

வேறு பனியன் வைத்துக் கொரியர் போனது. ஆர்டரும் வந்தது. என் வேலை தப்பியது. ஹீட் பிரஸ் பக்கம் போகத்தான் ஆயுளுக்கும் தடை. அந்தப் பனியனை என்மேல் எறிந்து, “இத நீங்களே வெச்சுக் கும்புடுங்க” என்றார்.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும், என் மனைவி ரூபாய் நோட்டைச் சோதிக்கும் நீல டார்ச்சோடு அந்தப் பனியனை எடுத்து வந்துவிடுவாள். “பாருங்க, இவரு தேச்சு வெச்ச ராசகுமாரிகளை!” எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மேலே ரிப்பன் கட்டிய மூன்று முகங்கள். கீழ் ஓரத்தில், பல் விளிம்பு இல்லாமல், மொட்டைத் தலையும் ஒட்டிய கன்னமுமாக இன்னொன்று. நான் வைத்தது மூன்று ஸ்டாம்ப்தான். இப்போதெல்லாம் எந்த ஸ்டாம்ப் கைக்கு வந்தாலும் முதலில் கூட்டல் குறிக்கு அந்தப் பக்கம், அந்த நோயாளிப் பிள்ளைகளின் காசைத்தான் பார்க்கிறேன்.

சிரிக்கிற அவசரத்தில் வீட்டில் இதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. சரோஜா அக்கா அன்றைக்கே எண்ணித்தான் நாலு கப் வைத்திருக்கிறார்.