நெட்டச்சியின் சால்வை

ஒரு சாண் குறைந்தது.

பட்டனக்கா சால்வையைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து, கையை நீட்டி நீட்டி அளந்தாள். நீளவாக்கில் இழுத்துப் பார்த்தாள். விட்டதும் அது பழையபடி சுருண்டுகொண்டது. எப்படிப் பார்த்தாலும் ஒரு சாண் குறைந்தது.

"போச்சுடா!" என்று நாற்காலியில் விழுந்தாள்.

பட்டனக்கா என்பது துணிக்கடையில் அவளுக்கு வைத்த பெயர். தரையில் ஒரு பட்டன் கிடந்தால் போதும், வாடிக்கையாளர் காலுக்கடியில் இருந்தாலும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். வீட்டிலும் அப்படித்தான், எதுவும் குப்பைக்குப் போகாது. கணவரின் கிழிந்த பேண்ட்டில் கந்தலை அடைத்து, குளிர்காற்று நுழையாதபடி வாசற்கதவின் அடியில் படுக்க வைத்திருந்தாள். அவருடைய பழைய சட்டைகளெல்லாம் தலையணை உறைகளாகிவிட்டன, சட்டைப்பையோடு. அந்தப் பையில்தான் மாமனார் தூங்கும்போது மூக்குக் கண்ணாடியை வைப்பார்.

அப்படிப்பட்டவளுக்கென்றே செய்த மாதிரி, இலையுதிர் காலம் தொடங்கியதும் கடை முதலாளியம்மா ஓர் அறிவிப்பு விட்டிருந்தார்.

"ஷோகேஸ் பொம்மைக்கு இந்தத் தடவை புதுத்துணி கிடையாது. பழசை வச்சு நீங்களே ஏதாவது செஞ்சு கொண்டு வாங்க. பைசா செலவு பண்ணக்கூடாது. யாரோடது நல்லா இருக்கோ, அவங்களுக்குத்தான் இனிமே ஷோகேஸ் பொறுப்பு. சனிக்கிழமை காலையில பார்ப்பேன். ஒரே ஒரு விஷயம், நெட்டச்சியோட இடுப்பு தெரியக்கூடாது."

நெட்டச்சி என்பது அந்தப் பொம்மைதான். கடையில் எல்லோரையும்விட உயரம். எப்போதோ யாரோ கீழே தள்ளிவிட்டதில் இடுப்பில் பெரிய வெடிப்பு. முதலாளியம்மா வேறு பொம்மை வாங்குகிற ஆள் இல்லை. அதனால் நெட்டச்சி எது உடுத்தினாலும் அது இடுப்பை மூடியாக வேண்டும்.

மற்றவர்கள் பிரித்துப் போட்டதைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே மடித்து வைப்பதுதான் பட்டனக்காவின் வேலை. முழங்கால் இரண்டும் கெஞ்சும். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாள் தன் கையால் செய்தது நிற்க வேண்டும், தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. வீட்டில் சொன்னால் சிரிப்பார்களோ என்று சொன்னதில்லை.

தன்னுடைய பழைய ஸ்வெட்டரை முழுசாகப் பிரித்துத்தான் கொக்கி ஊசியால் இந்தச் சால்வையைப் பின்னினாள். செங்கல்லும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு நிறம். அந்த நிறத்தில் கம்பளி நூல் இப்போது வருவதில்லை. உலகத்திலேயே அது மிச்சமிருந்தது ஒரே இடத்தில்தான். கல்யாணமான வருடம் ஜோடியாக வாங்கியதில் இன்னொன்று, கணவரின் ஸ்வெட்டர், எதிரே கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க," என்று மெல்ல ஆரம்பித்தாள். "அந்த ஸ்வெட்டர் ரொம்பப் பழசாயிடுச்சு இல்ல?"

"பழசா? அதுல கை வச்சே, அப்புறம் தெரியும் சேதி!" என்றார் கணவர்.

அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். விடியற்காலை வகுப்புக்கு அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போவார். காலைச் சாப்பாட்டுக்கு வந்ததும் கழற்றி மாட்டிவிட்டு, சீருடையில் மறுபடி கிளம்புவார். அது இல்லாமல் அவருக்கு வண்டியும் ஓடாது, வாயும் ஓடாது.

"இந்த மூலையில பல்பு மங்கலா இருக்கு," என்றார் மாமனார், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

மாமனார் டெலிபோன் கம்பி இணைக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பார். மகனும் மருமகளும் வந்த பிறகு செய்தித்தாளுக்குள் போய்விடுவார், யார் என்ன பேசினாலும் காதில் ஏறாது. வாயைத் திறந்தால் பல்பைப் பற்றித்தான் பேசுவார். யாரும் மாற்றுவதாக இல்லை.

அன்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வாத்தியார் குளிக்கப் போன நேரம் பார்த்து பட்டனக்கா ஸ்வெட்டரின் கீழ்விளிம்பைப் பிரித்தாள். கொஞ்சம்தான், யாருக்குத் தெரியப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சில வரிசைகளை உருவி, விளிம்பை அவசரமாக முடிந்து மாட்டிவிட்டாள். உருவிய நூலை உடனே சால்வையில் சேர்த்தாள். திருட்டு நூல் கலந்துவிட்டதால் சால்வைக் கூடையைச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வாத்தியாரின் குரல் கேட்டது.

"ஏம்மா, இங்க வா! இது என்ன, வயித்துல சில்லுன்னு காத்து அடிக்குது? ஸ்வெட்டர் சுருங்கிடுச்சா?"

பட்டனக்கா வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"ஸ்வெட்டர் சுருங்கலைங்க. உங்க வயிறுதான் பெருசாயிடுச்சு."

வாத்தியார் கண்ணாடி முன் போய்ப் பக்கவாட்டில் நின்றார். மூச்சை இழுத்தார். விட்டார். அவர் முகம் வாடிப்போனது.

"நாள் பூரா வண்டியில உக்காந்தே இருக்கேன் இல்ல," என்றார் சோகமாக. "இன்னிலேர்ந்து எனக்கு ராச்சாப்பாடு வேண்டாம்."

அவர் பட்டினி கிடக்க, எதிரே உட்கார்ந்து சாப்பிட மனசு வராமல் பட்டனக்கா தன் தட்டையும் மூடி வைத்தாள். அன்றைக்கு ஸ்வெட்டரைத் தொடவே பயந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை வாத்தியார் வீடு அதிரக் கத்தினார்.

"பாத்தியா! ஒரே ஒரு வேளைதான் சாப்பிடல! ஸ்வெட்டர் எவ்வளவு இறங்கியிருக்கு பாரு!"

உண்மைதான், ஸ்வெட்டர் இடுப்பை மூடியிருந்தது. மனுஷன் பசியில் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறார் போல என்று அவள் நினைத்தாள். நல்லதாகப் போயிற்று என்று கடைக்குக் கிளம்பினாள்.

சாயங்காலம் வந்து சால்வையை எடுத்து அளந்தால், ஒரு சாண் குறைந்தது.

"ஐயையோ, ஞாயித்துக்கிழமை பின்னினேனே, அது எங்க போச்சு?"

மறுபடி அளந்தாள். முதல் தடவை தப்பாக அளந்துவிட்டோமா? கம்பளி படிந்துபோயிருக்குமா? தன் கண்ணையே நம்ப முடியவில்லை. கடையில் கேஷ் கவுண்டர்க்காரி பழைய ஜீன்ஸ் துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரு நீளக் கோட்டே தைத்துவிட்டாள் என்று அன்றுதான் காதில் விழுந்திருந்தது. வாத்தியார் குளிக்கப் போனதும், இந்தத் தடவை கொஞ்சம் தாராளமாகவே உருவினாள்.

புதன்கிழமை காலை வாத்தியார் தொப்புள் தெரிய நின்றார்.

"நேத்து ராத்திரி ஒரு பிஸ்கட் தின்னேன்," என்றார் நடுங்கும் குரலில். "ஒரே ஒரு பிஸ்கட். அதுக்கா இப்படி?"

அன்று முதல் வீட்டில் பிஸ்கட் டப்பா பூட்டப்பட்டது. வாத்தியார் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி இறங்கினார். வண்டியில் மாணவர்கள் ஸ்டியரிங்கைத் திருப்ப, இவர் பக்கத்து இருக்கையில் வயிற்றை உள்ளே இழுத்து இழுத்து விட்டார். "பிரேக்" என்று சொல்லவேண்டிய இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால், டிரைவிங் ஸ்கூல் கார் ஒரு குப்பைத் தொட்டியை முத்தமிட்டது.

சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து எடை பார்க்கும் கருவி வந்தது. வாத்தியார் ஏறி நின்றார். இறங்கினார். மறுபடி ஏறினார்.

"எடை குறைஞ்சிருக்கு!"

"நல்லதுதானே?" என்றாள் பட்டனக்கா.

"என்ன நல்லது? எடை குறையுது, வயிறு மட்டும் பெருசாகுது. அப்போ உள்ள என்ன இருக்கு?"

அன்று ராத்திரி அவர் குனிந்துகூடப் பார்க்காமல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு படுத்தார். அதனால் அன்று அவளால் ஒரு வரிசைகூட உருவ முடியவில்லை. வியாழக்கிழமை காலை எழுந்தவர் குனிந்து பார்த்தால், ஸ்வெட்டர் ஒழுங்காக இடுப்பில் இருந்தது. அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நேராக டாக்டரிடம் போனார்.

திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமில்லை.

"ஒரு நாள் வீங்குது, ஒரு நாள் வத்துதுன்னு சொன்னேன். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கேஸ் பாத்ததே இல்லைங்கறாரு. சனிக்கிழமை காலையில ஸ்கேன்."

பட்டனக்கா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். சொல்லிவிடலாமா? சொன்னால் இத்தனை நாள் பட்டினிக்கும் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். சால்வையும் போகும், ஷோகேஸும் போகும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று எப்படியும் வந்துவிடும், அதுவரை பொறுத்துக்கொள்ளலாம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். சால்வையை அளந்து பார்த்தாள். இன்னமும் அதே ஒரு சாண் குறைவு! வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி முறையாக உருவினாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை வாத்தியார் கத்தவில்லை. தெரிந்த வயிற்றைத் துண்டால் மூடிக்கொண்டு, பேசாமல் வகுப்புக்குப் போய்விட்டார். அதுதான் பட்டனக்காவை உலுக்கிவிட்டது.

சாயங்காலம் அவள் கடையிலிருந்து வந்தபோது, வகுப்பை முடித்துக்கொண்டு முன்னதாகவே வந்துவிட்ட வாத்தியார் குளிருக்கு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே மாமனார், செய்தித்தாளுக்குப் பின்னால்.

"இங்க வாம்மா, உக்காரு," என்றார் வாத்தியார். "காஸ் சிலிண்டர் மாத்துறது எப்படின்னு கத்துக்கோ. கரண்ட் பில் எங்க கட்டணும்னு அப்பாவுக்குத் தெரியும். என் ஸ்டூடண்ட்ஸ் யாராவது வந்தா, இடது பக்கம் பாத்துத் திரும்பச் சொல்லு."

பட்டனக்கா உடைந்துபோனாள். ஷோகேஸாவது ஒன்றாவது!

"உங்க வயித்துல ஒண்ணுமே இல்லைங்க! நான்தான் உங்க ஸ்வெட்டரை உருவினேன்! மூணு தடவை உருவினேன்! அதனாலதான் அது சின்னதாச்சு!"

வாத்தியார் குனிந்து பார்த்தார். ஸ்வெட்டர் இடுப்பையும் தாண்டி அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்க உருவினே?"

"கீழ."

"கீழன்னா எங்க?"

பட்டனக்கா அவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். விளிம்பைத் தூக்கிப் பார்த்தாள். அவள் போட்ட அவசர முடிச்சைக் காணோம். ஒரு வரிசைகூடக் குறையவில்லை.

"போதும்மா," என்றார் வாத்தியார். "எனக்கு ஆறுதல் சொல்லணும்னு பொய் சொல்றே. இப்படி ஒரு பொண்டாட்டி யாருக்குக் கிடைப்பா?"

"பொய் இல்லைங்க! சத்தியமா உருவினேன்!"

"சரி, உருவினே. அந்த நூலை என்ன பண்ணினே?"

"சால்வையில சேர்த்துப் பின்னினேன். நாளைக்கு ஷோகேஸ்ல நெட்டச்சிக்குப் போடணும். நல்லா இருந்தா அந்தப் பொறுப்பு எனக்குக் கிடைக்கும். எவ்வளவு நாள் ஆசை தெரியுமா?" ஓடிப்போய்க் கூடையிலிருந்து சால்வையை எடுத்து வந்து மேசையில் விரித்தாள். "பாருங்க, எவ்வளவு..."

ஒரு சாண் குறைந்தது.

பட்டனக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்வெட்டர் குறையவில்லை. சால்வை கூடவில்லை. அப்படியானால் அவள் உருவியது என்ன, பின்னியது என்ன? வயிற்றில் கோளாறா, தன் தலையில்தான் கோளாறா? ஸ்கேன் தனக்குத்தான் எடுக்க வேண்டும் போலிருந்தது.

வாத்தியார் சால்வையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இவ்வளவு ஆசையா உனக்கு? முன்னாடியே சொல்லக் கூடாதா?"

எழுந்து நின்று ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றினார். பனியனோடு நின்றவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, குளிராலும் தியாகத்தாலும்.

"எனக்கு இனிமே எதுக்கு? நெட்டச்சியாவது குளிராம இருக்கட்டும். நீ ஷோகேஸ்ல ஜெயிச்சேன்னு கேட்டாப் போதும், நான் நிம்மதியாப் போயிடுவேன்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க!" என்று பட்டனக்கா விசும்பினாள். ஆனாலும் ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டாள்.

விளிம்பில் நுனியைத் தேடிப் பிடித்து வாத்தியாரே இழுத்தார். நூல் சரசரவென்று உருவிக்கொண்டு வந்து செய்தித்தாள்மேல் விழுந்தது.

செய்தித்தாள் படக்கென்று கீழே இறங்கியது.

"டேய், நிறுத்துடா!" என்று மாமனார் பாய்ந்து வந்தார். "அது தானா பிரிஞ்சுக்கிட்டே இருக்கு, உனக்குக் குளிருமேன்னு இந்த வாரத்துல மூணு தடவை கைவலியோட உக்காந்து பின்னி வச்சிருக்கேன்! செருப்பு அலமாரிக்குப் பின்னால பாதியில கிடக்குற அந்தக் கோணல் மிதியடியிலேர்ந்து இன்னும் எத்தனை தடவைதான் நூல் உருவுறது?"