கவரில் என்னமோ குறையுது

“நல்லாத்தான் இருக்கு பிரதாப். ஆனா என்னமோ ஒண்ணு குறையுது.”

சர்மிளா மிஸ் போனில் இப்படிச் சொன்னதும் பிரதாப்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிஸ் தலவாக்கலையில் பள்ளிக்கூட ஆசிரியை. பெண்களுக்கென்று ‘திரைத்தோழி’ என்ற சினிமாப் பத்திரிகையைச் சொந்தமாகத் தொடங்குகிறார். முதல் இதழின் அட்டைக்குப் புதுமுக நடிகை ஒருத்தியின் சிரித்த முகத்தைப் போட்டு அனுப்பியிருந்தான்.

“என்ன மிஸ் குறையுது?”

“அது தெரிஞ்சா நானே போட்டுற மாட்டேனா? நீங்கதானே டிசைனரு!”

டிசைனர்தான். நோர்வூட் கடைத்தெருவில் பேக்கரிக்கு மேலே ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், அவன். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிப்பது அவன்தான். அம்மா போன பிறகு, ஏதாவது ஒரு லயத்து வீட்டில் யாராவது கண்ணை மூடினால்தான் அவன் போன் அடிக்கும். அப்படிக் கூப்பிடுகிறவர்களும் செத்தவர் பெயரையும் வயதையும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

குறைவது பூதான் என்று முடிவு செய்தான். முகத்தைச் சுற்றி முட்டை வடிவச் சட்டம், இரண்டு பக்கமும் மல்லிகைச் சரம், கீழே குத்துவிளக்கு. மறுநாள் அனுப்பினான்.

“ஐயோ, உயிரோட இருக்கிற புள்ளையக் கொன்னுட்டீங்களே! கவரைப் பாத்தவங்க துக்கம் விசாரிக்க வந்துருவாங்க!”

“கைப் பழக்கம் மிஸ்…”

“சரி விடுங்க. சாப்பிட்டீங்களா?”

பிரதாப்பிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கீழே பேக்கரியில் பணிஸ் வாங்கிச் சாப்பிட்டதாகச் சொன்னான். “அதெல்லாம் ஒரு சாப்பாடா?” என்று மிஸ் பருப்புக்கறி வைக்கும் விதத்தை விலாவாரியாகச் சொல்லிக்கொடுத்தார்.

அடுத்த கவரில் சாவு வாடையே கூடாதென்று, அலங்கார நாற்காலி, ரோஜா, வண்ணத்துப்பூச்சி என்று கலகலப்பாக்கினான்.

“பெரிய புள்ளையான சடங்கு வீட்டு பேனர் மாதிரியே இருக்கு. தாய்மாமன் பேரு மட்டுந்தான் பாக்கி!”

நாற்காலியைத் தூக்கிவிட்டுத் தலைக்குப் பின்னால் தங்க ஒளி வைத்தான்.

“இப்ப நான் சூடம் காட்டணுமா பிரதாப்?”

மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். அவனுக்கு மானம் போயிற்று. ஆனாலும் சாயங்காலமானால் கண் போனைவிட்டு நகரவில்லை. கவர் சரியாகிவிட்டால் வேலை முடிந்துவிடும், மிஸ் ஏன் கூப்பிடப் போகிறார்? சரியாகாவிட்டால் கொழும்பில் வேறு ஆளைப் பிடித்துவிடுவார், அப்போதும் கூப்பிட மாட்டார். எப்படிப் பார்த்தாலும் அந்தக் குரல் நின்றுபோகும்.

இருந்தாலும், தன்னால் மிஸ்ஸின் பத்திரிகை வராமலேயே போய்விடக் கூடாதே! கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். பூ, நாற்காலி, ஒளி எல்லாவற்றையும் கழற்றி எறிந்தான். மிஞ்சியது அந்தச் சிரித்த முகம் மட்டும். பின்னணியை ஊதாவாக்கினான். இனி குறை சொல்ல ஒன்றுமில்லை என்று அவனுக்கே தெரிந்தது, சந்தோஷத்துக்குப் பதில் துக்கம்தான் வந்தது.

விடிந்ததும் அனுப்பலாமென்றால் மழையில் நெட்வொர்க் செத்துக் கிடந்தது. பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நனைந்தபடி பஸ் ஏறி, ஹட்டனில் மிஸ் சொல்லியிருந்த அச்சகத்துக்கே போய்விட்டான்.

மெஷின்காரர் செல்லசாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“திரைத்தோழி கவருங்க. இதுதான் கடைசி. பழசு ஏதும் இருந்தா தூக்கிப் போட்டுருங்க.”

“திரைத்தோழியா? நீங்கதான் நோர்வூட் பிரதாப்பா?”

“ஆமாங்க. பிந்திப் போச்சா?”

செல்லசாமி தலையைச் சொறிந்தார்.

“புத்தகம் போன கிழமையே அடிச்சாச்சே தம்பி! நீங்க மொதல்ல அனுப்புன கவர்தான். கடையில எல்லாம் வித்துக்கிட்டு இருக்கு.”

“அப்ப மிஸ் தினமும் கூப்பிட்டு, இது குறையுது அது குறையுதுன்னு…?”

செல்லசாமி குரலைத் தாழ்த்தினார்.

“நான் சொன்னதாக் காட்டிக்காதீங்க தம்பி. கவர் முடிஞ்சிருச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா, சாயங்காலத்துல பேச அவங்களுக்கு வேற ஆளே இல்லையாம்.”