அணில்களோடு ஒரு ரகசிய ஒப்பந்தம்

என் மனைவியின் தக்காளித் தோட்டத்தை ஒழித்துக்கட்டுவது என்று முடிவெடுத்தேன். பகையெல்லாம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையாவது தூக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் பிழையைத் திருத்திப் பிழைக்கிறேன். ஏழாவது நாள் வீட்டில் என் பிழைகள் திருத்தப்படும். கொல்லையில் பன்னிரண்டு தக்காளிச் செடி. கொத்துவது நான். தண்ணீர் ஊற்றுவது நான். குச்சி நட்டுக் கட்டுவதும் நான். "நான் தோட்டம் போட்டிருக்கேன்" என்று எல்லோரிடமும் சொல்வது மட்டும் அவள்.

அப்போதுதான் ஓர் அணில் வந்தது. பழுத்ததாகப் பார்த்து ஒரு கடி கடித்துவிட்டு அடுத்த பழத்துக்குத் தாவியது.

"விரட்டுங்களேன்."

"விரட்டினேன். போகல."

"எப்படி விரட்டினீங்க?"

"போன்னு சொன்னேன்."

"உங்க பேச்சை இதுவரைக்கும் யார் கேட்டிருக்கா? வலை வாங்கிக் கட்டுங்க."

கட்டினேன். ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஓர் அணில் வந்தால் வலை கட்டச் சொல்வாள். இருபது வந்தால் தோட்டத்தையே விட்டுவிடுவாள். வலையின் மூலையில் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டேன். மறுநாளிலிருந்து, வேலைக்குக் கிளம்பும் முன் செடிகளின் அடியில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை வைத்தேன்.

அணில்கள் அணி அணியாக வந்தன. இரண்டே வாரம். செடிகளில் காம்புதான் மிச்சம்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"தோட்டத்தை விட்டுடலாம்னு பாக்கறேன்."

முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன். "எவ்வளவு ஆசையா வளர்த்தே."

"பரவால்ல. எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஒண்ணு சொன்னாங்க. அவங்க ஜன்னல்லேர்ந்து நம்ம கொல்லை நல்லா தெரியுமாமே."

"என்ன சொன்னாங்க?"

"உங்க வீட்டுக்காரர் தினமும் காலையில கொல்லையில கடலை போடறார்னாங்க. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. யாரோடன்னு கேட்டேன். அணிலோடன்னாங்க. அப்புறம்தான் மூச்சே வந்துது."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அச்சகத்தில் ஒரு பிழை சிக்கினால் எனக்கு வருமே ஒரு சிரிப்பு, அது அவள் உதட்டில் வந்தது.

"மனசுல இவ்வளவு பாசத்தை வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க. செடியைப் பிடுங்கிட்டு அங்க அதுங்களுக்கு ஒரு மேடை கட்டுங்க. பக்கத்துல தண்ணித் தொட்டி. காலையில ஆறு மணிக்கெல்லாம் பசிச்சுடுமாம்."

"ஞாயித்துக்கிழமையுமா?"

"அணிலுக்குக் கிழமை தெரியுமா?"

"நீ கொஞ்சம் வைக்கக் கூடாதா?"

"நேத்து வச்சுப் பாத்தேன். என்னைக் கண்டதும் ஓடிடுச்சுங்க. உங்ககிட்டதான் ஒட்டிக்கிச்சு."

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு என்னை எழுப்பிவிட்டாள். கடலை வைத்தேன். தொட்டி கழுவினேன். பலகை அறுத்தேன். முதுகை நிமிர்த்தி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தபோது மணி ஒன்பது.

போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.